விலைவாசி உயர்வை முன்னிட்டு

பொம்மனஹள்ளியில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்த பட்டறையில் ஆறு லேத் மெஷின்கள் இருந்தன. பித்தளைக் கம்பிகளைக் கடைந்து கேஸ் அடுப்புக்கான சின்னச் சின்ன உதிரி பாகங்கள் செய்வார்கள். செய்தது முழுவதும் ஒரே ஒரு பெரிய கம்பெனிக்குப் போகும். வேறு வாடிக்கை கிடையாது. முதலாளி மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். எங்களுக்கெல்லாம் அவர் ‘சார்’. கோபம் வந்தால் கன்னடம் பேசுவார், தணிந்ததும் தமிழுக்குத் திரும்பிவிடுவார். கம்பெனிக்குக் கடிதம் மட்டும் ஆங்கிலத்தில் போக வேண்டும். அதற்குத்தான் நான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அம்மாவும் நானும் ஜோகுபாளையத்தில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சம்பளம் எழுநூறு ரூபாய். விலைவாசி என்ற சொல்லை ரேடியோவில் கேட்டிருந்தேனே தவிர, அது எங்கிருந்து கிளம்புகிறது, யார் ஏற்றுகிறார்கள் என்றெல்லாம் யோசித்ததில்லை. மழை மாதிரி, வரும்போது வரும் என்று நினைத்திருந்தேன்.

தொண்ணூற்றொன்றாம் வருடம் ஜூலையில் ஒருநாள் காலை சார் செய்தித்தாளைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தார். வழக்கமாக அதை ஸ்கூட்டர் பெட்டியிலேயே விட்டுவிடுவார்.

“ரூபா மதிப்பைக் குறைச்சிட்டாங்கம்மா,” என்றார். “மூணு நாளைக்குள்ள ரெண்டு தடவை.”

“யாரு சார்?”

“கவர்மென்ட்தான். வேற யாரு?”

எனக்குப் புரியவில்லை. பத்து ரூபாய் நோட்டில் பத்து என்றுதானே போட்டிருக்கிறது? அன்று சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டரிடம் அதைக் கொடுத்தேன். பத்தாகத்தான் வாங்கிக்கொண்டார், மீதியும் சரியாகக் கொடுத்தார். சார் எதையோ தப்பாகப் படித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரு வாரத்துக்குள் பித்தளைக் கம்பி விற்கும் சேட்டிடமிருந்து போன் வந்தது. பித்தளைக்கு வேண்டிய செம்பு வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதனால் இனிமேல் கம்பிக்குப் புது விலை என்றார். சார் அந்த விலையை வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். போனை வைத்ததும், “லெட்டர் எடும்மா,” என்றார்.

கம்பெனிக்கு எழுதிய கடிதம் அது. நாங்கள் சப்ளை செய்யும் சாமானுக்கு விலை கூட்டித்தர வேண்டும் என்று கேட்டு, ‘விலைவாசி உயர்வை முன்னிட்டு’ என்று தொடங்கும் ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சார் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டேன்.

“சார், ஸ்டோர்ல இன்னும் மூணு மாசத்துக்குக் கம்பி இருக்கே. அது பழைய விலைக்கு வாங்கினதுதானே?”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஆமாம்மா. ஆனா இந்தக் கம்பியைக் கடைஞ்சு வித்து வர்ற காசுல நான் திரும்பக் கம்பி வாங்கணும் இல்லியா? அப்ப என்ன விலைக்கு வாங்குவேன்?”

“புது விலைக்கு.”

“அப்ப பழைய விலைக்கு வித்தேன்னா, நூறு கம்பி இருந்த எடத்துல எழுபதுதான் வாங்க முடியும். அப்புறம் அம்பது. ஒருநாள் வந்து பார்த்தா ஸ்டோர் காலி.”

அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. மீதிக் கடிதத்தை அடித்து முடித்தேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது மறுபடியும் குழம்பிவிட்டது. வாங்கியது ஒரு விலை, கணக்குப் போடுவது இன்னொரு விலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பணம் யாருடையது?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா வீட்டிலேயே ஒரு கிரைண்டர் வைத்து, அக்கம்பக்கத்தவர்களுக்குக் கூலிக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரிசியும் உளுந்தும் அவர்களே ஊறவைத்துக் கொண்டுவருவார்கள். அம்மாவுக்கு அரைப்புக் கூலி மட்டும்தான். ஊரில் விலைவாசி எப்படி என்று அம்மாவுக்குச் செய்தித்தாள் சொல்ல வேண்டியதில்லை, பாத்திரத்தைத் திறந்து பார்த்தாலே தெரியும்.

“எதிர் வீட்டுக்காரி நாலுக்கு ஒண்ணு உளுந்து போடுவா,” என்றாள் அம்மா. “இப்ப ஆறுக்கு ஒண்ணு. கல்லு மாதிரி இட்லி சாப்பிடுதுங்க புள்ளைங்க.”

“நீயும் கூலியை ஏத்தேன்மா. கரன்ட் பில்லு கூடிடுச்சு இல்ல?”

மறுநாள் ஏற்றினாள். படிக்கு நாலணாதான் கூட்டினாள். முதல் வாரத்திலேயே பாதிப்பேர் பின்தெருவில் கிரைண்டர் வைத்திருந்த இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பத்தாம் நாள் அம்மா பழைய கூலிக்கே இறங்கிவிட்டாள். போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. சார் கடிதம் எழுதி விலை கேட்கிறார், அம்மா வாய்விட்டுக் கேட்டதற்கு இருந்ததும் போயிற்று. கணக்கு இருவருக்கும் ஒன்றுதானே, எங்கே தப்பு நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. யோசனை சொன்னது நான் என்பதால், திரும்ப வராதவர்களைத் தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. விலையைக் கூட்ட வேண்டுமானால் எதெதற்கு எவ்வளவு செலவு என்று பிரித்துக் காட்டும்படி கேட்டிருந்தார்கள். சார் பென்சிலால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கம்பி, கரன்ட், வண்டிக் கூலி, ஆட்கள் சம்பளம். ஒவ்வொன்றுக்கும் பழையது ஒரு கட்டத்தில், புதியது ஒரு கட்டத்தில்.

சம்பளத்துக்கு நேரே வந்தபோது என் விரல் நின்றுவிட்டது. நூற்றுக்கு இருபது கூடியிருப்பதாக எழுதியிருந்தார். பட்டறையில் யாருக்கும் ஒரு பைசா கூடவில்லை. ஏழு பேர் சம்பளப் பட்டியலையும் மாதாமாதம் அடிப்பவள் நான்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

“ஏத்தத்தான் போறேம்மா,” என்றார். “அவங்க குடுத்தா ஏத்துவேன். குடுக்கலைன்னா எங்கேர்ந்து ஏத்துறது? எழுதினாத்தான் குடுப்பாங்க.”

அடித்தேன். அந்த மாதச் சம்பளத்தன்று என் கவரில் நூறு ரூபாய் அதிகமாக இருந்தது. கணக்கில் பிசகிவிட்டார் போலிருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கப் போனேன்.

“வச்சுக்கோ. மத்தவங்களுக்கு இன்னும் பண்ணலை. சொல்லிக்காதே,” என்றார்.

அது சம்பள உயர்வா, அந்தத் தாளை அடித்ததற்கும் பேசாமல் இருப்பதற்கும் கொடுத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவின் கிரைண்டருக்குப் புது பெல்ட் வாங்கினேன்.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில், லேத் ஆட்களில் மூத்தவர் என் மேஜைக்கு வந்தார். திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கையில் ஒட்டியிருந்த பித்தளைச் சீவலைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

“ஒரு லெட்டர் அடிச்சுக் குடும்மா. எங்க எல்லாருக்கும் சம்பளம் ஏத்தச் சொல்லி. வாயால கேட்டா, பார்க்கலாம் பார்க்கலாம்னு போயிடறாரு. இங்கிலீஷ்ல பேப்பர்ல இருந்தா கொஞ்சம் யோசிப்பாரு.”

“என்னன்னு எழுதணும்ணா?”

“இன்னான்னு எழுதுவே? அரிசி ஏறிப்போச்சு, எண்ணெய் ஏறிப்போச்சு, பஸ்ஸு ஏறிப்போச்சு. அதான்.”

எனக்கு ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு கடிதம் எழுத வராது. தெரிந்தது சார் சொல்லிக் கொடுத்த வாக்கியம்தான். அதையே போட்டேன். விலைவாசி உயர்வை முன்னிட்டு, சம்பளத்தை உயர்த்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவர் கைநாட்டு வைத்தார். “நீ போடலியாம்மா?” என்று அண்ணா கேட்டார். “நான் ஆபீஸ் ஸ்டாஃப் ஆச்சே,” என்றேன். சொல்லும்போதே முகம் சூடாகிவிட்டது. அவர் அதைக் கவனித்தது போலத் தெரியவில்லை.

சார் கடிதத்தைப் படித்தார். அது யார் அடித்தது என்று கேட்கவில்லை. பட்டறையில் டைப்ரைட்டர் ஒன்றுதான். பிறகு பதில் சொல்லத் தொடங்கினார். கம்பி விலையும் கரன்ட் கட்டணமும் ஏறிவிட்ட நிலையில், விலைவாசி உயர்வை முன்னிட்டு, தற்சமயம் சம்பளத்தை உயர்த்த இயலாமைக்கு வருந்துகிறோம்.

ஒரே மாதத்தில் அந்த வாக்கியத்தை மூன்றாவது தடவையாக அடித்தேன். கம்பெனியிடம் பணம் கேட்கவும் அது பயன்பட்டது, சாரிடம் பணம் கேட்கவும் பயன்பட்டது, இல்லை என்று சொல்லவும் பயன்பட்டது. மூன்று இடத்திலும் அது பொய்யாக இல்லை. அதுதான் என்னை மிகவும் கலக்கியது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர் முன்கூட்டிச் சொல்லாமல் ஜீப்பில் வந்து இறங்கினார். கண்ணாடி போட்ட, அமைதியான கன்னடக்காரர். நாங்கள் அனுப்பிய செலவுத் தாள் அவர் கையில் இருந்தது. சேட்டின் பில்லைப் பார்த்தார், கரன்ட் பில்லைப் பார்த்தார். சம்பளப் பட்டியலைக் கேட்பார் என்று அது இருந்த ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. நேரே பட்டறைக்குள் நடந்தார். சார் பின்னால் போனார். நான் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாருக்குப் பின்னால் போனேன்.

முதல் லேத்தில் அண்ணா நின்றிருந்தார். ஆபீசர் மெஷினை நிறுத்தச் சொன்னார்.

“சம்பளா ஜாஸ்தி மாடிதாரா?” என்று கேட்டார். சம்பளம் ஏற்றினார்களா என்ற சாதாரணக் கேள்விதான். ஆனால் மற்ற மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன.

அண்ணா சாரைப் பார்த்தார். சார் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு அண்ணா என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். இயலாமைக்கு வருந்துகிறோம் என்ற கடிதம் அவர் சட்டைப் பையில் அன்றும் இருந்திருக்கும். நான் தரையைப் பார்த்தேன்.

“மாடிதாரெ சார்,” என்றார் அண்ணா.

“எஷ்டு?” எவ்வளவு?

அண்ணா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நூறு ரூபாய்க்கு இருபது ரூபாய் சார்.”

ஆபீசர் தாளில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த மெஷினுக்குப் போகாமலேயே திரும்பினார். அந்த இருபது என்ற எண் அண்ணாவுக்கு எப்படித் தெரிந்தது? நான் சொல்லவில்லை. ஆபீசர் கையிலிருந்த தாளில் தலைகீழாகப் படித்தாரா, இல்லை, எல்லோரும் கேட்பது இருபதுதான் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாரா? இதை நான் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்டால் என் கவரைப் பற்றியும் பேச வேண்டி வருமோ என்று பயம்.

ஜீப் போனதும் சார் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அண்ணாவிடம் போனேன்.

“ஏண்ணா அப்படிச் சொன்னீங்க? ஏத்தலைன்னு சொல்லியிருந்தா சார் மாட்டியிருப்பாரு.”

“மாட்டினா?” என்றார் அவர். “கம்பெனிக்காரன் வெலையை ஏத்த மாட்டான். அவன் ஏத்தலைன்னா நம்ம சம்பளம் எங்கேர்ந்தும்மா வரும்? உண்மையைச் சொல்லிட்டு நான் சட்டியில இன்னா போட்டுக் காய்ச்சறது?”

“சார் அப்புறமும் ஏத்தலைன்னா?”

“ஏத்துவாரு. நான் சொன்னதை இத்தினி பேரு கேட்டாங்க இல்ல?”

கம்பெனி விலையைக் கூட்டியது. நாங்கள் கேட்டதில் பாதிதான். சார் ஆட்களின் சம்பளத்தைக் கூட்டினார், அதுவும் இருபதில் பாதிதான், பத்து. தாளில் எழுதிய மற்ற பத்து என்னவாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருநாள் சாருக்கு லாபம் என்று வந்தது, மறுநாள் போட்டால் நஷ்டம் என்று வந்தது. ஸ்டோரில் இருந்த பழைய கம்பியை எந்த விலைக்கு வைப்பது என்பதைப் பொறுத்து விடை மாறியது. கடைசலில் விழும் சீவலைச் சேட் திரும்ப வாங்கிக்கொள்வார், அதன் விலையும் ஏறியிருந்தது. அதைச் சேர்த்தால் இன்னொரு விடை.

சம்பளம் ஏறிய இரண்டாம் மாதம் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார். “எல்லாருக்கும்தான் சம்பளம் ஏறியிருக்கே,” என்றார். அவர் நல்ல மனிதர், அம்மாவிடம்தான் மாவு அரைப்பார். அவர் வீட்டுப் பாத்திரத்திலும் உளுந்து குறைந்துவிட்டதாக அம்மா சொன்னாள். யார் முதலில் ஏற்றியது என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் எங்களால் ஏற்றினார், சார் சேட்டால் ஏற்றினார், சேட் செம்பால் ஏற்றினார், செம்பு ரூபாயால் ஏறியது. ரூபாயை ஏன் குறைத்தார்கள் என்பதற்கு ஒரு பெரிய காரணம் இருக்கும். அது என் பேப்பருக்கு வெளியே இருந்தது.

அதன்பின் வருடாவருடம் அந்தக் கடிதத்தை அடித்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. எனக்குக் கல்யாணமாகி, நானும் பொம்மனஹள்ளிப் பக்கமே குடிவந்தேன். விலை ஏறுவதற்கு ஒருவாறு பழகிவிட்டிருந்தோம். அப்போதுதான் அது இறங்கத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து அதே உதிரி பாகம் வருகிறது, எங்கள் கம்பிக்கு ஆகும் செலவைவிடச் சல்லிசாக வருகிறது என்று கம்பெனி எழுதியது. இனி விலையைக் குறைக்க வேண்டும். விலை ஏறியபோது பயந்தோம், சரி. இறங்கும்போதும் ஏன் பயப்பட வேண்டியிருக்கிறது என்று நான் சாரிடமே கேட்டேன். “தெரியலைம்மா,” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆறு மெஷினில் நான்கு ஓடின, பிறகு இரண்டு. பட்டறை நின்றிருந்த மண்ணின் விலை மட்டும் எங்களை யாரையும் கேட்காமல் ஏறிக்கொண்டே போயிற்று. ஓசூர் ரோடு முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள் வரத் தொடங்கியிருந்தன. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், ஒரு தரகர் வந்து ஒரு தொகை சொன்னார். அவர் போன பிறகு சார் அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதிப் பார்த்தார்.

“இத்தனை வருஷமா லேத் ஓட்டினதுல இதுல கால்வாசிகூட வரலைம்மா,” என்றார். “சும்மா பூட்டி வச்சுட்டு வீட்டுல உட்கார்ந்திருந்தாலும் இந்தப் பணம் வந்திருக்கும். அப்ப நான் இங்க என்னதான் பண்ணிட்டிருந்தேன்?”

அந்த வருடமே இடத்தை விற்றுவிட்டார். ஆட்களுக்கு அவரவர் வருடக் கணக்குப்படி ஒரு தொகை கொடுத்தார், குறை சொல்ல முடியாத தொகைதான். மெஷின்களை இரும்பு விலைக்கு எடைபோட்டு எடுக்க ஆள் வந்தான். அண்ணா அந்த ஆளிடம் கிலோ என்ன விலை என்று கேட்டார். பிறகு சாரிடம் போய், முதல் லேத்தை அதே விலைக்குத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டார். சார் பணம் வாங்க மறுத்தார். அண்ணா சும்மா எடுத்துக்கொள்ள மறுத்தார். கடைசியில் பாதி விலைக்கு முடிந்தது.

அடுத்த தெருவில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து அண்ணா லேத்தை நிறுத்தினார். அப்போது அவருக்கு அறுபதை நெருங்கியிருக்கும். மகன் ஐ.டி. கம்பெனியில் வண்டி ஓட்டினான். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொன்னதற்கு இவர் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தார். குழாய் உதிரி செய்யும் ஒரு சின்ன கம்பெனி அவரிடம் ரேட் கேட்டிருந்தது.

“என்ன ரேட் போடறதும்மா?” என்றார். “நீதானே இத்தினி வருஷமா அடிச்சே.”

அடித்தேனே தவிர, ஒன்றுகூட நான் போட்டது கிடையாது. அதைச் சொன்னால் நம்பமாட்டார். இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். கம்பிக்கு இன்றைய விலை போட்டோம். அடுத்த மாதம் ஏறினால் என்று அவர் கேட்டார், கொஞ்சம் கூட்டினோம். இறங்கினால் வேறு ஆளிடம் போய்விடுவார்களே என்றார், கொஞ்சம் குறைத்தோம். கொட்டகை வாடகை, கரன்ட். அவருக்கு ஒரு நாளைக்கு என்ன போடுவது என்று கேட்டேன். மிகவும் சங்கடப்பட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, ஒரு தொகை சொன்னார். சித்தாளுக்குக்கூட அதைவிட அதிகம் கொடுத்துக்கொண்டிருந்த காலம். நான் அவரைக் கேட்காமல் அதை இரண்டு மடங்காக்கி எழுதினேன். கூட்டி வந்த எண்ணைப் பார்த்து இருவருக்குமே பயமாக இருந்தது. இது அதிகம், ஆர்டர் கிடைக்காது என்று அவர் சொல்லிக்கொண்டே வாங்கிப் போனார்.

மறுநாள் மாலை திரும்பி வந்தார். காபி கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

“என்னாச்சுண்ணா? இல்லைன்னுட்டாங்களா?”

“சரின்னுட்டாங்க.”

“நல்லதுதானே?”

“பேப்பரைப் பார்த்தாங்க, உடனே சரின்னுட்டாங்கம்மா. கொறைங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை.” அவர் முகம் வாடியிருந்தது. “கம்மியா போட்டுட்டமோ?”